ரங்கூன் மழைக்குத் தாங்கும் நாய்க்கயிறு: நாலு கால் பின்னலில்

பின்னிய நாய்க்கயிறு நடுவில் அறுவது அபூர்வம். போவதெல்லாம் இரண்டு முனைகள்தான்: கொக்கி கோத்த இடம், கைப்பிடி முடிகிற இடம். பின்னல் பழக அரை மணி நேரம் போதும். முனைகளுக்குத்தான் பொறுமை வேண்டும்.

முதலில் கயிறு. பருத்திக் கயிறு கைக்கு இதமாக இருக்கும், ஆனால் மே கடைசியில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாத ஊரில் அது காயவே காயாது. பூஞ்சை பிடித்து உள்ளுக்குள்ளே இற்றுவிடும். மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான பாலிப்ரொப்பிலீன் நனைந்தாலும் கெடாது, வெயிலில்தான் நொறுங்கும். அதோடு, நாய் வெடுக்கென்று இழுத்து உள்ளங்கையில் உருவினால் தோலைச் சுட்டுவிடும். எனக்குப் பிடித்தது 4 மில்லிமீட்டர் பாராகார்ட், அதாவது வெளியே நைலான் உறையும் உள்ளே தனி இழைகளும் உள்ள கயிறு. அசல் 550 ரகம் 550 பவுண்டு, கிட்டத்தட்ட 250 கிலோ தாங்கும். உள்ளே ஏழு இழை இருக்கும். கடையில் முனையைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். நாலைந்து இழையோ, உருவமில்லாத பஞ்சோ இருந்தால் அது வெறும் அலங்காரச் சரக்கு. நைலானா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கி, காற்றுக்குமிழ் போகப் பிசைந்துவிட்டுப் பாருங்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், நைலான் முழுகும்.

இவ்வளவு பலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பத்து வீசை (சுமார் 16 கிலோ) எடையுள்ள நாய் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, கயிறு விறைத்து ஒரு அடிக்குள் நிற்கிறது என்று வையுங்கள். கயிற்றில் விழுகிற இழுவை சுமார் நாற்பது வீசை, அதாவது 65 கிலோ. அதுவும் முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். ஒற்றைக் கயிறே தாங்கும் என்று காகிதத்தில் தோன்றலாம்; தேய்மானத்தையும் நாயின் பல்லையும் சேர்த்துப் பார்த்தால் நாலு கால், அதாவது பின்னலில் ஓடுகிற நாலு கயிறு, அதிகமில்லை.

அளவு இப்படி. கொக்கியிலிருந்து கைப்பிடி வரை 4 அடி. நம்ம தெருக்களில் அதற்கு மேல் நீளம் தொல்லைதான். கைப்பிடிக் கண்ணிக்கு 15 அங்குலம். ஆக, பின்ன வேண்டியது ஐந்தேகால் அடி. பின்னும்போது கயிறு சுருங்குவதால் ஒவ்வொரு காலும் பின்னலைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும், முனை செருக இன்னும் இரண்டு அடி. ஒரு கயிற்றை நடுவில் மடித்தால் இரண்டு கால். அதனால் ஒவ்வொன்றும் 7 கஜமாக இரண்டு நிறத்தில் வாங்கினால் கணக்கு சரியாக வரும். ஒரு கஜம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

கொக்கி சுழல் வளையத்தோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாய் நாலு சுற்று சுற்றியதும் கயிறு முறுக்கிக்கொள்ளும். பித்தளை என்று சொல்லி விற்பதில் பாதி துத்தநாகத்தின் மேல் முலாம். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை உதவாது. மறைவான இடத்தில் ஆணியால் கீறிப் பாருங்கள்: உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வார்ப்புத் துத்தநாகம் வளையாது, திடீரென்று உடையும்.

இனி பின்னல். வெட்டிய முனைகளில் உறையை உள்ளிழைகள் மேல் நன்றாக நீவிவிட்டு, அப்புறம் சூடு காட்டி ஒட்டுங்கள். நீவாமல் சுட்டால் உள்ளிழை பின்வாங்கி, முனையில் வெறும் உறை மட்டும் மிஞ்சும். உருகிய நைலான் சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும், ஜாக்கிரதை. கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டி, இரண்டு கயிற்றையும் வளையத்தில் நுழைத்து நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் இரண்டு கால், வலப்பக்கம் இரண்டு கால். ஒவ்வொரு காலையும் சிட்டமாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டால் சிக்காது.

இடக்கோடிக் காலை எடுங்கள். பக்கத்திலுள்ள இரண்டு காலுக்கும் பின்னால் கொண்டுபோய், கடைசியாகத் தாண்டிய காலின் மேலாக முன்னால் திருப்பி இடப்பக்கத்துக்கே கொண்டு வாருங்கள். அடுத்து வலக்கோடிக் கால்: அதே போல இரண்டுக்குப் பின்னால் போய், ஒன்றின் மேலாக வலப்பக்கம் திரும்பும். இடம், வலம், இடம், வலம். ஒவ்வொரு முறையும் நாலு காலையும் ஒரே விசையில் இழுங்கள். ஒன்று மட்டும் தளர்ந்தால் பாரம் மற்ற மூன்றின் மேல் விழும், கயிறும் பாம்பாக நெளியும். நடுவில் எழுந்து போக வேண்டுமென்றால் துணிக் கிளிப் போட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்தால் மேலாகப் படுத்திருக்கிற உட்கால்தான் கடைசியாக நகர்ந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தப்பு விழுந்தால் நிறக்கோலம் கலைந்து காட்டிக்கொடுக்கும், இரண்டு நிறம் வாங்கச் சொன்னது அதற்குத்தான்.

கைப்பிடிக்குக் கடைசி 15 அங்குலத்தை மடக்கிக் கண்ணியாக்குங்கள். இங்கே பெரிய முடிச்சாகப் போட்டு முடிப்பதுதான் பலரும் செய்வது. பலமும் போகும், உள்ளங்கையிலும் உறுத்தும். அதற்குப் பதிலாக, கோணி ஊசியால் பின்னலைப் பிளந்து நாலு முனையையும் வேறு வேறு இடத்தில் செருகுங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று முறை பின்னலுக்குள் புகுந்து வர வேண்டும். முதல் இரண்டு செருகல் முழுக் கயிறாக இருக்கட்டும். மூன்றாவதுக்கு உள்ளிழைகளை உருவி வெட்டிவிட்டு உறையை மட்டும் செருகினால் தடிப்பு மெல்லக் குறையும். மிச்சத்தை வெட்டிச் சூடு காட்டி, உருகியதை ஈரக் கரண்டிக் காம்பால் தட்டையாக அமுக்குங்கள். கெட்டியான நைலான் கூர் கையை அறுக்கும். அந்த இடத்துக்கு மேலே செருப்புத் தைக்கிற மெழுகு நூலால் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள்.

கூடுதல் ஒரு கஜம் இரண்டாவது பிடிக்கு. தெருநாய்க் கூட்டம் சூழ்ந்துகொண்டால் உங்கள் நாயைக் காலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், நாலு அடி அப்போது ரொம்ப அதிகம். வெறிநோய் இன்னும் இருக்கிற ஊர் இது. 28 அங்குலத் துண்டின் இரு முனையையும் ஒன்றின் மேல் ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகி முடிந்து வளையமாக்குங்கள். அந்த வளையத்தைப் பின்னலின் மேல் வைத்து, அதனுள்ளேயே மூன்று முறை நுழைத்துச் சுற்றுங்கள். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. தளர்வாக இருக்கும்போது அது நகரும், இழுத்தால் பின்னலைக் கவ்விக்கொள்ளும். நழுவினால் நாலாவது சுற்று கொடுங்கள். கழுத்துப்பட்டையிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் குனியாமல் கைக்கு எட்டும்.

நாயோடு போவதற்கு முன் கொக்கியைத் தூணில் மாட்டி, கைப்பிடியைப் பிடித்து உடம்பு எடையைச் சாய்த்து இழுத்துப் பாருங்கள், பிறகு வெடுக்கென்று நாலைந்து முறை. செருகிய இடத்தில் முனை வெளியே எட்டிப் பார்த்தால் அதை மட்டும் பிரித்துத் திரும்பச் செய்யலாம். பிடிக்கும்போது கயிற்றை விரலில் சுற்றிக்கொள்ள வேண்டாம், விரல் எலும்பு முறியும்.

மழைக்காலத்தில் கொக்கியின் உள் ஸ்பிரிங்தான் முதலில் துருவேறும், அது பெரும்பாலும் இரும்பு. வாரம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். நாய் கடித்து உறை கிழிந்து வெள்ளை இழை வெளியே தெரிந்தால் டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். கொக்கியைக் கழற்றி வைத்துக்கொண்டு புதிதாகப் பின்னுங்கள். செலவு 14 கஜம் கயிறுதான்.