கேள்வி எழுதியவன்

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிங்கப்பூரின் ஊபி தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் இயங்கிய சிறு தயாரிப்பு நிறுவனத்தில் எனக்குக் கேள்வி எழுதும் வேலை கிடைத்தது. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் 2003இல் தொடங்கி ஜிம்மி கார் நடத்திய ‘டிஸ்ட்ராக்‌ஷன்’ என்ற புதிர்ப் போட்டி எங்கள் தயாரிப்பாளரின் மனத்தில் வெகு நாளாகக் குடியிருந்தது. போட்டியாளர்கள் வலியையும் அவமானத்தையும் பொறுத்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும்; கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாலோ, தவறான பதிலுக்குப் பரிசுப் பொருளையே கண்ணெதிரே சிதைப்பார்கள். அதையே காரம் குறைத்து, பாட்டியும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்படி தமிழில் செய்துபார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நான் முதலில் எழுதிக்கொண்டுபோன கேள்விகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் முழுமையாகக் கிடைக்காதவை எவை என்று கேட்டிருந்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபடி அவர் சொன்னதை அந்தத் தொழிலின் அரிச்சுவடி என்றே சொல்லலாம். விடை வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சோபாவில் சாய்ந்தபடி அவர் விடையைக் கத்திக்கொண்டிருக்கும்போது, திரையில் இருப்பவர் பல் தந்தியடிக்க அதே விடையைத் தேடித் தடுமாறினால்தான் சிரிப்பு வரும். கேள்வி கடினமாகிவிட்டால் பார்ப்பவர் கண்ணில் படுவது வலியில் துடிக்கும் ஓர் ஆள் மட்டுமே. அன்று முதல் எளிய கேள்விகளையே எழுதினேன். கடினமான கேள்வி எழுதுவதைவிட அது பெரும்பாடு.

சவால்கள் அனைத்தும் முதலில் ஊழியர்களாகிய எங்கள்மீதுதான் சோதிக்கப்பட்டன. நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டியில் பனிக்கட்டியைக் கொட்டி, மணிக்கட்டு வரை இரு கைகளையும் அமிழ்த்தச் சொன்னார்கள். முதலில் தெரிவது குளிர்தான். சற்று நேரத்தில் அது மறைந்து, விரல் எலும்புக்குள் யாரோ திருகாணி முடுக்குவதைப் போன்ற ஒரு குடைச்சல் தொடங்கும். அந்த நிலையில் என் வீட்டுப் பிளாக் எண்ணைக் கேட்டார்கள். பதினெட்டு ஆண்டுகளாக அங்கே குடியிருக்கும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான். தேக்கா சந்தையில் வாங்கிவந்த பாகற்காயைப் பிழிந்த சாறு, தலைக்கு மேல் சல்லடையில் காத்திருந்த மைதா மாவு ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவை கழுவினால் போய்விடும்.

முன்னோட்டப் பகுதியின் பதிவுக்கு வந்தவர்களுள் முப்பது வயதை எட்டாத பொறியாளர் ஒருவர் இருந்தார். உயர்நிலைப்பள்ளி வரை தமிழ் படித்தவர். வேலை முழுக்க ஆங்கிலத்தில். பாகற்காய்ச் சாற்றை மோர் குடிப்பதைப் போலக் குடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு அரங்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பனித்தொட்டிச் சுற்றில் அவருக்கு வந்தது நான் எழுதிய கேள்வி: “உங்கள் அம்மாவின் தம்பி மனைவியை எப்படி அழைப்பீர்கள்?” அட்டையில் ‘அத்தை’ என்றும், அடைப்புக்குறிக்குள் ‘மாமி என்றாலும் சரி’ என்றும் குறித்திருந்தேன். உதடு நடுங்க அவர் “ஆண்ட்டி” என்றார். அரங்கம் அதிர்ந்தது. மாவு கொட்டியது. கேமரா பார்வையாளர் வரிசைக்குத் திரும்பி, அவருடைய தாயாரின் முகத்தில் போய் நின்றது; அவர் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

பதிவு முடிந்து முகம் கழுவிக்கொண்டு வந்தவர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். “அண்ணே, மாவு கொட்டுனதப் போடுங்க, கை வெறச்சு கத்துனதப் போடுங்க, பரவால்ல. அந்தப் பதில மட்டும் எடுத்துடுங்க. அம்மாவுக்கு ஒரு மாதிரி ஆயிடும்.” இந்த ஊரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றுதான், ஆயினும் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் வெறும் 2.5 விழுக்காட்டினர். பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்றால் வளர்ப்புச் சரியில்லை என்று உறவுக்காரர்கள் காதுபடவே பேசுவார்கள். இசைவுப் படிவத்தில் குளிரையும் கசப்பையும் பற்றித்தான் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கியிருந்தோம்.

அன்றிரவு ரயிலில் கேள்வி அட்டையை மீண்டும் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. முறைப்பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. “எப்படி அழைப்பீர்கள்” என்று கேட்டிருந்தேன். அவர் தம் வீட்டில் அழைக்கும் விதத்தைத்தான் சொல்லியிருக்கிறார். நான் எழுதிய சொற்களின்படி அது சரியான விடை. மதிப்பெண்ணும் கொடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் தயாரிப்பாளரிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார் என்பதை மறுக்க முடியாது. “முழு நிகழ்ச்சியிலும் பெரிய சிரிப்பு அதுக்குத்தான் வந்துச்சு, அதை எப்படி வெட்டுறது?” என்றார். தொழில்முறையில் அவர் சொன்னது நியாயம்தான் என்று பட்டதால், மேற்கொண்டு வாதாடாமல் வெளியே வந்தேன். அந்த நியாயத்தை நான் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டது இன்றளவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் படத்தொகுப்பு அறையில் ஆள் குறைந்த நேரம் பார்த்துத் தொகுப்பாளரிடம் பேசினேன். விடையில் கைவைக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் தாயாரின் முகம் வரும் அந்தச் சில நொடிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கைதட்டும் கூட்டத்தின் பொதுக்காட்சி ஒன்றை ஒட்டினார். இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து விவரத்தைச் சொன்னேன். “சரிண்ணே” என்றார், அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை.