காதில் வைத்த படம்

2004ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பெங்களூரு தொம்மலூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஐந்து பேர், நான்கு நாற்காலிகள். தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து, வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்குச் சுகாதாரச் செய்திகளைப் படமும் குரலுமாகக் கொண்டுபோவது எங்கள் வேலை. படம் எடுப்பது, வசனம் எழுதுவது, குரல் பதிவது மூன்றும் என் தலையில் விழுந்தன. மூன்றிலும் எனக்கு முன்அனுபவம் கிடையாது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதுதான் தகுதி.

கொண்டுபோகும் கருவி, கையில் அடங்கும் கணினியான சிம்ப்யூட்டர். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எளிய, மலிவான, பல மொழி பேசும் மக்கள் கணினி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பெங்களூரு பஸ் கண்டக்டர்கள் இன்றும் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்று குரல் கொடுக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் நான்கு பேரும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து 1999இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, 2001இல் முதல் மாதிரியைக் காட்டினார்கள். 2004 ஏப்ரலில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் ‘அமிடா’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தொட்டுப் பயன்படுத்த வேண்டும், ஒரு கருவியை ஓர் ஊரே பகிர்ந்துகொள்ள வேண்டும், அவரவர் விவரம் அவரவர் ஸ்மார்ட் அட்டையில் இருக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் கனவு. அந்தக் கனவு ஏன் கடைவீதி வரை வரவில்லை என்பது வேறு கதை. அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு அறிவு போதாது. என்னிடம் இருப்பது உப்புக் கதை.

எங்களிடம் கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட கருவிகள் நான்கு இருந்தன. திரை 320க்கு 240 புள்ளிகள். 1996இல் வந்த முதல் பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியின் திரை 160க்கு 160தான். அதைப் பார்த்துப் பழகியிருந்த எங்கள் நிரலர் தம்பிக்கு இது திரையரங்கு போல இருந்தது. எனக்கோ தீப்பெட்டி போல. உள்ளே ஓடியது யாரும் திறந்து மாற்றக்கூடிய லினக்ஸ் இயங்குதளம் என்பதால் தம்பி ஒரே இரவில் ஒரு சிறு நிரல் எழுதிவிட்டான். ஒரு கோப்பில் வரிசையாக ‘இந்தப் படம், இந்த ஒலி, இத்தனை நொடி’ என்று எழுதிவைத்தால் போதும், கருவி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும். கையைச் சாய்த்தால் பக்கம் புரளும் வசதிகூட அமிடாவில் இருந்தது. நாங்கள் அதைத் தொடவில்லை. சித்தாள் வேலை செய்து சிவந்த கையில் எது சாய்வு, எது நடுக்கம் என்று யார் கண்டது?

தமிழ் எழுத்தையும் படமாகவே வைத்தோம். அந்தக் காலத்தில் ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொன்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கணினியில் தமிழைப் பதிந்துவைக்கும் முறைகளே பல: டிஸ்கி, டாப், யூனிகோடு என்று ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு தமிழ். படமாக்கிவிட்டால் அந்த வம்பு இல்லை. ஆனால் மூன்று வரிக்கு மேல் திரை தாங்காது.

முதல் தொடர் வயிற்றுப்போக்கைப் பற்றியது. குழந்தைக்குப் பேதி கண்டால் வீட்டிலேயே கரைசல் கலந்து கொடுப்பது எப்படி? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மருத்துவர்கள் கொடுத்த அளவு இது. ஒரே வரியில் சொல்லிவிடலாம். படமாக்க மூன்று வாரம் ஆனது.

முதலில் உப்பு. எவர்சில்வர் ஸ்பூனில் உப்பை வைத்து, சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து, கிம்ப் மென்பொருளில் சுருக்கிக் கருவியில் ஏற்றினேன். ஸ்பூன் தெரிந்தது, உப்பு தெரியவில்லை. வெள்ளைமேல் வெள்ளை. அடுப்புக்கரியைத் தேய்த்துக் கறுப்பாக்கிய ஸ்பூனில் எடுத்தேன். உப்பு தெரிந்தது, பார்த்தவர்கள் எல்லாரும் ‘ஏன் ஸ்பூன் கருகிப்போயிருக்கிறது’ என்று கேட்டார்கள். கடைசியில் மரக் கரண்டி கிடைத்தது. அதில் சர்க்கரையும் உப்பும் ஒன்றுபோலவே இருந்தன என்பது அடுத்த தலைவலி. சர்க்கரைக்குப் பக்கத்தில் ஓர் எறும்பை வரைந்தோம். எனக்கு அதில் இன்றுவரை பெருமை உண்டு.

அடுத்தது குரல். படம்தான் இடத்தை அடைக்கும் என்று நான் நினைத்திருந்தேன். உண்மை தலைகீழ். சுருக்கிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று பத்துப் பதினைந்து கிலோபைட்டில் அடங்கிவிடும். ஒலியை நாங்கள் நொடிக்கு 8,000 முறை அளந்து, அந்த அளவு, அதாவது மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு பைட் என்ற கணக்கில் சுருக்காமல் பதிந்தோம். பத்து நொடிப் பேச்சுக்கே எண்பதாயிரம் பைட் போய்விடும். கருவியின் ஃபிளாஷ் நினைவகம் மொத்தமே 32 மெகாபைட், அதில் லினக்ஸும் குடியிருக்க வேண்டும். ‘இதைச் சுருக்க முடியுமா அண்ணா’ என்று தம்பி கேட்டது ஒலிக்கோப்பை அல்ல, என் வசனத்தை.

வசனமும் சுருங்க வேண்டியதுதான். ‘சமமட்ட அளவில் ஒரு தேக்கரண்டி’ என்று எழுதியிருந்தேன். அலுவலகத்துக்குக் கீழே இட்லிக் கடை வைத்திருந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, ‘தலை தட்டி ஒரு ஸ்பூன் என்று சொல்லேன்’ என்றார். நாழியால் நெல் அளந்த காலத்திலிருந்து இருக்கும் சொல். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எஸ். பி. ரோட்டில் வாங்கிய மலிவு மைக்கின் முன்னால், போர்வைக்குள் உட்கார்ந்து நானே பேசிப் பதிந்தேன். போட்டுக் கேட்டால் ‘சர்க்கரை’ என்ற சொல்லின் முதல் எழுத்தைக் காணோம். நொடிக்கு 8,000 மாதிரிகள் என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி எதுவும் பதிவாகாது. ‘ஸ’ என்று சீறும் ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. பழைய தொலைபேசியில் பெயர் சொன்னால் எதிர்முனையில் வேறு பெயர் கேட்டதற்கும் இதுதான் காரணம். ஸ்பூன் ‘பூன்’ ஆனது. சர்க்கரை ‘அர்க்கரை’ ஆனது. வேறு வழியில்லாமல் சொல்லுக்கு முன்னால் ஒரு துணை வைத்தோம்: ‘டீயில் போடும் சர்க்கரை’. டீ காப்பாற்றியது.

இவ்வளவு பாடுபட்டு, பன்னிரண்டு படம், இரண்டு நிமிடம் ஓடும் தொடரை எடுத்துக்கொண்டு பெல்லந்தூர்ப் பக்கம் ஒரு கட்டடத்துக்குப் போனோம். நாங்கள் போன நேரம் கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பத்து நிமிடம் அனுமதி கொடுத்தார். பாலக்கோட்டுப் பக்கத்து அக்கா ஒருவர் தலைச் சும்மாட்டை எடுத்து உதறிவிட்டு வந்து கருவியை வாங்கினார். நான் தொட்டுக் காட்டினேன். முதல் படம் வந்தது. குரலும் வந்தது, ஆனால் மெஷின் இரைச்சலில் அது கொசு ரீங்காரம். அக்கா கருவியைப் புரட்டிப் பார்த்தார், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார், அந்தப் பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். மூன்று வாரம் கரி பூசி, எறும்பு வரைந்து நான் செய்த படங்கள் அவருடைய கன்னத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக ஓடின.

இரண்டு நிமிடமும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ‘நன்றாகச் சொல்லியிருக்கிறது தம்பி’ என்று அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் வேறு மாதிரி. கையில் வைத்துத் திரையையே பார்த்தார், காதில் எதுவும் விழவில்லை. பார்த்து முடித்துவிட்டு அவர் கேட்ட கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை: ‘உப்பையும் சர்க்கரையையும் பாலிலா கலக்க வேண்டும்?’

தவறு என்னுடையது. ஒரு லிட்டரை எப்படிக் காட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, அரை லிட்டர் நந்தினி பால் பாக்கெட் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தேன். ‘இரண்டு பால் பாக்கெட் அளவு தண்ணீர்’ என்று குரல் சொல்லும். குரலோடு பார்த்தால் அது அளவு. குரலில்லாமல் பார்த்தால் அது பால். காதில் வைத்தவருக்குப் படம் இல்லை, கண்ணில் வைத்தவருக்குக் குரல் இல்லை. படமும் ஒலியும் ஒன்றாகச் சேர்வதால்தான் அதற்குப் பல்லூடகம் என்று பெயர் என அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்திருந்தோம். இரண்டும் சேர்ந்தது அந்தச் சுவரில்தான்.

இயர்போன் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். சிமென்ட் அப்பிய கையோடு அடுத்தவர் காதில் இருந்ததை வாங்கி மாட்டிக்கொள்ள எவரும் விரும்பவில்லை. அதில் தவறும் இல்லை. சாயங்காலம் மெஷின் நின்றபிறகு போகலாம் என்றார் இன்னொருவர். சாயங்காலம் அவர்களுக்கு அடுப்பு மூட்டும் நேரம், தண்ணீர் லாரி வரும் நேரம். அந்தப் பத்து நிமிடம் பகலில்தான் கிடைக்கும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தம்பிதான் கேட்டான்: ‘ஒரு நேரத்தில் ஒன்றுதான் நடக்கும் என்றால், ஒன்றை மட்டும் நடத்தினால் என்ன?’ தொடரைப் பிரித்துப் போட்டோம். குரல் வரும்போது திரை முழுக் கறுப்பு. பார்க்க ஒன்றுமில்லை, காதில் வைத்துக்கொள். பிறகு ஒரு மணி அடிக்கும். காதிலிருந்து எடுத்துப் பார். படம் எட்டு நொடி, சத்தமே இல்லாமல் நிற்கும். மறுபடி கறுப்பு. மணிச் சத்தத்துக்காக வேறெங்கும் போகவில்லை. எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டிப் பதிந்தோம். மலிவு மைக்கிலும் அது கணீர் என்று விழுந்தது. பால் பாக்கெட் போனது. அதன் இடத்தில் கோடு போட்ட குடமும், அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றும் ஒரு முழு ஆளும் வந்தார்கள். முன்பு மணிக்கட்டோடு வெட்டிய கையை மட்டும் காட்டியிருந்தேன். ‘யாருடைய கை, என்ன ஆயிற்று’ என்று ஒரு பாட்டி பதறியதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கறுப்புத் திரையால் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. கரைசலைக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் தாய் ருசி பார்க்க வேண்டும், அது கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது என்று ஒரு குறிப்பு உண்டு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே முக்கியமான குறிப்பு. இதற்குப் படம் எடுக்க முடியாது என்று முதல் தொடரில் விட்டிருந்தேன். அழும் பெண்ணைக் காட்டினால் குழந்தை இறந்துவிட்டது என்று நினைப்பார்கள். இப்போது படமே தேவையில்லாத இடம் கிடைத்துவிட்டதால் அங்கே அந்த வரியை வைத்தோம். இட்லிக் கடை அம்மாவே பேசினார். ‘நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கண்ணீர் கரிக்கிற மாதிரி கரித்தால் சரி. அதற்குமேல் கரித்தால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.’ பின்னால் நாங்கள் போன இடங்களில் ஆறு ஸ்பூனா ஏழா என்று தடுமாறியவர்கள்கூட இதைத் தடுமாறாமல் சொன்னார்கள்.

புதிய தொடரோடு பெல்லந்தூருக்கு மறுபடி போன அன்று மெஷின் பழுது. கட்டடமே அமைதியாக இருந்தது. இவ்வளவு திட்டமிட்டு வந்த நாளில் சத்தம் இல்லாமல் போயிற்றே என்று எனக்கு வருத்தம்கூட வந்தது. அதே பாலக்கோட்டு அக்கா வாங்கிக் காதில் வைத்தார். மணி அடித்தால் எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தோம். மணி அடித்தது, பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். மணி, படம், காது. சுற்றி நின்றவர்களுக்கு அவர் திரையைத் திருப்பிக் காட்டி, கேட்டதைத் தம் வாயால் சொல்லத் தொடங்கினார். எங்கள் கோப்பில் இல்லாத குரல் அது. நொடிக்கு எத்தனை மாதிரி என்ற கவலையில்லாமல் ‘சர்க்கரை’ முழுதாகக் கேட்டது.

ஐந்தாவது படத்துக்கு முன்னால், அவர் காதில் வைத்திருந்தபோது, கேனும் கிளாஸ்களுமாக டீக்காரர் வந்து சேர்ந்தார். கிளாஸை ஸ்பூனால் இரண்டு தட்டுத் தட்டினார். அக்கா சட்டென்று கருவியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். திரை கறுப்பு. இன்னொரு தட்டு. இன்னும் அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கறுப்பு. பிறகு திரும்பி டீக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

‘தம்பி, இவரும் உங்கள் ஆள்தானா?’