அரை தம்ளர் தண்ணீர்

நண்பகல் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு வந்த வாப்பா, வழக்கம்போலத் தண்ணீரை எடுத்து அரை தம்ளர் குடித்த பிறகே நோன்பு நினைவுக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டார்.

தம்ளரைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

"நோன்பு முறிஞ்சிடுச்சா?" என்று சிறுபிள்ளையைப் போலக் கேட்டார்.

நோன்பை மறந்து உண்டவரும் பருகியவரும் அதை நிறைவு செய்யட்டும், அவருக்கு உணவும் நீரும் அளித்தவன் அல்லாஹ்வே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், புகாரி, முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் இருக்கிறது. ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில், அதாவது இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில், இதன்படி நோன்பு முறிவதில்லை. மாலிக்கி மத்ஹபில், ரமலான் நோன்பாக இருந்தால் அந்த நாளைப் பின்னர் களாச் செய்ய, அதாவது வேறொரு நாளில் நோற்று ஈடுசெய்ய வேண்டும். நினைவு வந்த கணமே நிறுத்திவிட வேண்டும், வாயில் மிச்சமிருந்தால் துப்பிவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தை முன்பே அறிந்திருந்தும், இன்றுதான் அதன் சொற்களில் நின்றேன். 'மன்னித்தான்' என்றுகூட அங்கே இல்லை. 'அளித்தான்' என்றே இருக்கிறது. அடியானின் மறதியை இறைவன் தன் விருந்தாக்கிக்கொள்கிறான்.

வாப்பா தம்ளரை மூடி வைத்தார். சூரியன் மறைந்ததும் மஃக்ரிபுக்கு அந்த மீதித் தண்ணீரிலேயே நோன்பு திறப்பாராம்.