தாயாக வந்த சாமிக்கு ஒரு தார் பூவன்

சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்கள் பலர் கோயில் பயணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். "பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் நிம்மதியாகச் சாமி கும்பிடலாம்" என்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். திருச்சிக்குப் போங்கள், இப்போதே போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஊர்ச் சாமிகளுக்குப் பிள்ளைகளின் அருமை தெரியும். மலைக்கோட்டையில் சிவபெருமானே தாயாக வந்து பிரசவம் பார்த்து, தாயுமானவர் ஆனார். திருவானைக்காவில் அம்பாளின் கோபம் பெற்ற பிள்ளையைப் பார்த்துத் தணிந்தது. சமயபுரத்தாள் மக்களுக்காகப் பட்டினி கிடக்கிறாள். உறையூர் வெக்காளி அம்மன், மண்மாரியில் வீடிழந்த மக்களுக்காகத் தனக்கும் கூரை வேண்டாம் என்று வெயிலிலும் மழையிலும் நிற்கிறாள். இப்படிப்பட்ட ஊரில் மூன்று வயதுப் பிள்ளை பிரகாரத்தில் உருண்டு புரண்டால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும்?

எங்கள் பயணத்துக்குக் காரணம் அத்தையின், அதாவது என் மாமியாரின், வேண்டுதல். சின்னவன் வயிற்றில் இருந்தபோது, "தாயுமானவரே, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் ஒரு முழுத் தார் பழம் கொண்டுவந்து வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டார். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் வைப்பது அந்தச் சன்னிதியில் காலங்காலமாக இருக்கும் வழக்கம். பிள்ளை பிறந்ததும் போயிருக்கலாம். ஆனால் அத்தை, "அவன் தன் காலால் ஏறி வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அவன் படியேறும் வயது வந்ததும், குளித்தலைப் பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் அத்தையின் தம்பி பூவன் தார் ஒன்றை வெட்டிக் கொடுத்தார். மேல் சீப்பு மட்டும் மஞ்சள் ஏறியிருந்தது, கீழே எல்லாம் பச்சை.

குளித்தலையிலிருந்து காலை பாசஞ்சரில் கிளம்பினோம். இந்தப் பாதையில் ரயிலில் போவதே பாதி தரிசனம். ஜன்னலுக்கு வெளியே வாழையும் நெல்லும் மாறி மாறி வரும், நடுநடுவே காவிரி எட்டிப் பார்க்கும். தாரை அத்தையின் பழைய நூல் சேலையில் சுற்றி ஜன்னலோரம் வைத்திருந்தோம். சின்னவனுக்கு அது பெரிய யோசனையாகிவிட்டது.

"அப்பா, இதுக்கும் டிக்கெட் எடுத்தியா?"

"இல்லையே."

"அப்ப கீழே இறக்கி வை. நான் ஜன்னல்கிட்ட உக்காரணும்."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா சிரித்துக்கொண்டே, "தாயுமானவருக்கா?" என்று கேட்டார். துணி சுற்றிய தாரையும் கூட வரும் பிள்ளையையும் பார்த்தாலே அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புரிந்துவிடும். அவரும் தன் மகளுக்காக வைத்தவராம். பெட்டவாய்த்தலை வருவதற்குள் அத்தையும் அவரும் இரண்டு குடும்பத்துப் பிரசவக் கதைகளையும் பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பேச்சு மும்முரத்தில் சேலை முடிச்சு தளர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஜீயபுரம் தாண்டியபோது சின்னவன் வாய் நிறையப் பழத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அத்தையின் முகம் வாடிவிட்டது. முழுத் தார் என்று வேண்டியிருந்தாரே! "சாமிக்கு வைக்கும் முன்னாடி எடுத்துட்டானே" என்று கோட்டை ஸ்டேஷனில் இறங்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள் திருச்சி ஜங்ஷன் வரை போக வேண்டியதில்லை. கரூர் பாதையில் வந்தால் கோட்டை ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து ஆட்டோவில் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தோம். கீழே மாணிக்க விநாயகருக்கு முன்னால் சின்னவன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆனால் எழுந்திருக்க மறந்துவிட்டான். மூத்தவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

உச்சிக்குப் போக 400-க்கும் மேற்பட்ட படிகள். முதல் பகுதி பாறைக்குள் மூடிய வழியாகவே போவதால் வெயில் தெரியாது, கல் ஜில்லென்று இருக்கும். என் கணவர் தாரைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். மூத்தவள் ஒரு படி விடாமல் எண்ணிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் சின்னவன் "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு, பத்து" என்று உரக்கச் சொல்லி அவள் கணக்கைக் கலைத்துக்கொண்டே வந்தான். எதிரே இறங்கி வந்த பாட்டி ஒருவர், "பத்துக்கு அப்புறம் என்னடா ராசா?" என்று கேட்டார். "சாமி!" என்றான்.

தாயுமானவர் சன்னிதியில் அன்று கூட்டம் அதிகமில்லை. பெரிய லிங்கத் திருமேனி, மேற்கே பார்த்த மூலவர். தீபம் காட்டும்போது ஒளி ஆவுடையாரில் தொடங்கி மெல்ல மேலே ஏறுகிறது. ஒரு முழு நிமிஷம் ஆகிறதோ என்று தோன்றும் அளவுக்கு நிதானமாகக் காட்டினார் குருக்கள். அத்தை அதற்குள் பொறுக்க மாட்டாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மேல் சீப்பில் ஒரு பழம் குறைகிறது, பேரன் ரயிலில் சாப்பிட்டுவிட்டான், இதற்கு என்ன பரிகாரம்?

குருக்கள் தாரைப் பார்த்தார், சின்னவனைப் பார்த்தார். "இவனுக்காகத்தானே வேண்டிக்கிட்டேள்? அப்ப அவன் சாப்பிட்டதும் கணக்குல சேர்ந்தாச்சும்மா" என்று சொல்லித் தாரை உள்ளே வாங்கி வைத்தார். பூஜை முடிந்து வந்த பழங்களை அங்கே இருந்தவர்களுக்குக் கொடுத்தோம். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி படியேறி வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அத்தை இரண்டு பழமாகக் கொடுத்தார்.

அம்பாள் மட்டுவார் குழலம்மையைக் கும்பிட்டுவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்தபோது, பிள்ளைகளுக்கு அத்தை கதை சொன்னார். பூம்புகார் வணிகர் மகள் ரத்னாவதி சிராப்பள்ளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பேறுகாலம் நெருங்கியது. பிரசவ மருந்தும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு கிளம்பிய அவள் அம்மாவால் காவிரி வெள்ளத்தைத் தாண்ட முடியவில்லை, அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. அவள் இந்த மலைச் சிவனான செவ்வந்திநாதரை நினைத்து அழ, சுவாமியே அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான அம்மா வாசலில் வந்து நின்றபோது, வீட்டுக்குள்ளே ஏற்கெனவே ஒரு அம்மா! எல்லாரும் திகைத்து நிற்க, முதலில் வந்தவர் மறைந்து சிவனாகக் காட்சி கொடுத்தார். சித்திரைப் பெருவிழாவில் இதைச் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள்.

மூத்தவள் கேட்டாள். "அப்பாயி, அது அவங்க அம்மா இல்லைன்னு ரத்னாவதிக்குத் தெரியவே இல்லையா?"

"வலி எடுக்கும்போது பிடிச்சுக்க ஒரு கை வேணும் தங்கம். அது யார் கைன்னா அப்ப பார்ப்பாங்க?"

எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. சின்னவன் பிறந்த ராத்திரி நல்ல மழை. நாகர்கோவிலிலிருந்து கிளம்பிய என் அம்மா வழியிலேயே மாட்டிக்கொண்டார். விடிந்த பிறகுதான் வந்து சேர முடிந்தது. அதுவரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அத்தைதான். என் நகம் பதிந்து அவர் மணிக்கட்டில் காயமே ஆகிவிட்டது. அத்தை அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. சின்னவன் மூக்கைத் துடைத்துவிட்டு, "சரி, உச்சிக்குப் போலாமா?" என்று எழுந்துவிட்டார்.

மேலே போகும் வழியில் பல்லவர் குடைவரை இருக்கிறது. தாண்டிப் போய்விடாதீர்கள். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்தது. உள்ளே ஒரு பக்கச் சுவர் முழுக்க கங்காதரர் சிற்பம். வானிலிருந்து இறங்கும் கங்கையைச் சிவன் சடையில் தாங்குகிறார். சின்னவன் வெகு நேரம் பார்த்துவிட்டு, "சாமிக்கும் தலைக்கு ஊத்துறாங்களா?" என்று கேட்டான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அவனைப் பிடிக்க வீடே ஓட வேண்டியிருக்கும். "ஆமாடா, சாமி அழாம நிக்குது பாரு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உச்சிப் பிள்ளையார் கதை பிள்ளைகளுக்கென்றே உண்டானது. இலங்கைக்கு அரங்கநாதரை எடுத்துப்போன விபீஷணன் காவிரிக் கரையில் நிற்க, சிறுவனாக வந்த பிள்ளையார் சிலையை வாங்கித் தரையில் வைத்துவிட்டு இந்த மலை மேல் ஓடி வந்து உட்கார்ந்துகொண்டார். துரத்தி வந்த விபீஷணன் தலையில் ஒரு குட்டு வைத்தானாம். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது என்பார்கள். தரிசனம் முடிகிற வரை சின்னவன் தன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டே நின்றான். விநாயகர் சதுர்த்திக்கு இங்கே 150 கிலோவில் கொழுக்கட்டை செய்து, கீழே மாணிக்க விநாயகருக்குப் பாதி, மேலே உச்சிப் பிள்ளையாருக்குப் பாதி படைப்பார்கள். மேலே போவதைத் துணியில் கட்டித் தோளில் சுமந்து ஏறுவார்கள். அதைக் கேட்டதிலிருந்து, "அப்படித் தூக்கிட்டுப் போனா நானும் நடக்க வேண்டாமே" என்று அவன் அப்பாவிடம் பேச்சுவார்த்தை நடத்தினான்.

உச்சியில் அடிக்கிற காற்றுக்கே இன்னொரு முறை ஏறலாம். காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கம், 236 அடி ராஜகோபுரம், தென்னந்தோப்புகள். "அந்த ஆத்துலதான் அந்த அம்மா மாட்டிக்கிட்டாங்களா?" என்று மூத்தவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தோம். திருவானைக்காவில் உச்சிக்காலப் பூஜையைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அம்பாளே வந்து சுவாமிக்குப் பூஜை செய்வதாக ஐதீகம். சிவாச்சாரியார் அம்பாளின் புடவை கட்டி, கிரீடம் சூடி, மேளதாளத்தோடு அகிலாண்டேஸ்வரி சன்னிதியிலிருந்து ஜம்புகேஸ்வரர் சன்னிதிக்கு வருவார். கோமாதாவுக்கும் பூஜை நடக்கும். ஆனால் கோயில் வாசலில் சின்னவன் பலூன் ஒன்றைப் பார்த்துவிட்டான். பூஜைக்கு நேரமாகிறது, இவன் தரையில் படுத்துவிட்டான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தேன்.

நல்லவேளை, பூஜை தொடங்கியிருக்கவில்லை. முதலில் அம்பாள் சன்னிதிக்கே போனோம். அகிலாண்டேஸ்வரி ஒரு காலத்தில் உக்கிரமாக இருந்தாளாம். ஆதிசங்கரர் அந்த உக்கிரத்தைக் காதில் அணியும் தாடங்கங்களில் இறக்கி, அவள் கண்ணுக்கு நேரே பிள்ளையாரையும் பிரதிஷ்டை செய்தார். பிள்ளை முகத்தைப் பார்த்ததும் தாய் குளிர்ந்துவிட்டாள். அத்தை இதைச் சொல்லி முடித்ததும் மூத்தவள் என் இடுப்பில் இருந்தவனை இறக்கி, என் எதிரே நிறுத்தி, "அம்மா, இவனைப் பாரு" என்றாள். கன்னத்தில் காய்ந்த கண்ணீரோடு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அகிலாண்டேஸ்வரி முன்னாலேயே கோபம் போய்விட்டது. நீண்ட நாளாக நான் கும்பிட்டதிலேயே மனசு நிறைந்த கும்பிடு அது.

மேளச் சத்தம் கேட்டதும் சின்னவன் பலூனை மறந்தான். புடவையும் கிரீடமுமாகச் சிவாச்சாரியார் வந்தபோது, "அம்மா சாமி நடந்து போகுது!" என்று கூவிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். நாங்களும் ஓடினோம். ஒன்பது துவாரம் உள்ள கல் ஜன்னல் வழியாக, தண்ணீர் வடிவான அப்பு லிங்கத்தைப் பார்க்க ஆளுக்கொரு முறை தூக்கிக் காட்டினோம். "எனக்குத் தண்ணி தெரிஞ்சுது" என்று இருவருமே சாதித்தார்கள். இந்தச் சிவனைப் பூஜித்த யானையும் சிலந்தியும் சண்டை போட்ட கதையில் மூத்தவள் சிலந்தியின் கட்சி. அந்தச் சிலந்தியே அடுத்த பிறவியில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்தது, நல்ல வேளைக்காகப் பிரசவத்தைத் தள்ளிப் போட அவன் தாய் கமலவதி தலைகீழாகத் தொங்கி உயிரையே விட்டது, இதையெல்லாம் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. கொஞ்சம் வளரட்டும்.

வெளியே மண்டப நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், பிரசாதமாக வந்த பூவன் பழம். சமயபுரம் போக நேரம் இருந்தது, ஆனால் சின்னவன் சாப்பிட்டுக்கொண்டே என் மடியில் தூங்கிவிட்டான். பரவாயில்லை. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் ஆத்தா பச்சைப் பட்டினி இருப்பாள். நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவு இவைதான் அவளுக்கு நைவேத்தியம். அந்த நாட்களில் தனியாக ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைக்கோட்டையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். செருப்பை அடிவாரத்தில் விட வேண்டும், உச்சியில் பாறை வெயிலேறினால் குட்டிக் கால்கள் தாங்காது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். தண்ணீரும் மாற்றுத் துணியும் கையிலேயே இருக்கட்டும். தார் கொண்டு போனால் முடிச்சை இறுக்கிப் போடுங்கள்.

என் நாத்தனாருக்குச் சித்திரையில் நாள் குறித்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். அத்தை இப்போதே தன் தம்பிக்குப் போன் போட்டு, தோட்டத்தில் எந்த மரம் குலை தள்ளியிருக்கிறது என்று விசாரித்துவிட்டார்.