பேபி பென்ஸ்

நேற்று இரவு ‘பேபி பென்ஸ்’ என்று செல்லப் பெயர் பெற்ற சின்ன பென்ஸ் காரான மெர்சிடிஸ் 190 பற்றிப் படிக்க உட்கார்ந்தேன், தூக்கம் போயே போச்சு.

1982 இறுதியில் வந்த கார். புரூனோ சாக்கோ தலைமையில் உருவான அந்த வடிவம் எனக்கு இன்னும் பழசாகத் தெரியவில்லை. ஆனால் அசல் வித்தை கண்ணுக்குத் தெரியாத பின்பக்க சஸ்பென்ஷனில், அதாவது சக்கரத்தைக் காரோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பில், இருக்கிறது. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தனித்தனித் தண்டுகள் பிடித்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கினாலும் அதன் கோணம் பெரிதாக மாறாது, வளைவில் பிடிமானம் நழுவாது. அப்புறம் பெரிய பென்ஸ்களுக்கும் இதே அமைப்பு போனது. தம்பியிடம் அண்ணன் கடன் வாங்கிய கதை!

சரி, வேகம்? 1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்தோ வட்டப் பாதையில் இதன் 16 வால்வு எஞ்சின் கொண்ட வேக மாடல் 50,000 கி.மீ. ஓடியது. பெட்ரோல் போட, டயர் மாற்ற நின்ற நேரத்தையும் சேர்த்தே சராசரி மணிக்கு 247 கி.மீ.

பின்சீட்டில் கால் நீட்டத்தான் இடம் போதாது.