பிந்தி வந்த ஆமென்

எங்கள் கோயிலின் பெரிய கதவுக்குப் பூட்டு உண்டு என்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. காலை ஐந்து மணிக்கு நான் திறந்தால், ராத்திரி எட்டரைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு பீடத்துக்குப் பக்கத்து அறையான சக்கிரீஸ்து வழியாக வெளியே வருவேன். வெளிப்பூட்டு சும்மா அழகுக்குத் தொங்கும். 2020 மார்ச் 21, சனிக்கிழமை சாயங்காலம், பங்குச்சாமி, எங்கள் பாதிரியார், அதைப் பூட்டச் சொன்னபோது சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. உப்புக்காற்றில் உள்ளே எல்லாம் துரு. வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து, சொட்டுச் சொட்டாக விட்டு, பூட்டைப் படியில் இரண்டு தட்டுத் தட்டி, அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். மறுநாள் கொரோனாவுக்காக நாடு முழுக்க மக்கள் ஊரடங்கு. இரண்டு நாள் கழித்து 144. அந்தப் பூட்டு அப்புறம் ஐந்து மாதம் தொங்கியது.

நான் உபதேசியார். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, பாக் விரிகுடாவைப் பார்த்த ஒரு கடற்கரைப் பங்கில் இருபத்திரண்டு வருடமாக வேலை. உபதேசியார் என்றால் போதிப்பவர் என்று அர்த்தம் வந்தாலும், என் வேலையில் பாதி மணி அடிப்பதுதான். விடியற்காலை, நண்பகல், பொழுதுசாய மூவேளைச் செபத்துக்கு மணி. பூசைக்கு மூன்று தடவை மணி. சாவுக்குத் துக்க மணி. மிச்ச நேரத்தில் பீடம் துடைப்பது, திருமுழுக்குப் பதிவேடு எழுதுவது, சாமி இல்லாதபோது வீட்டுச் செபம் சொல்வது, கோயில் வரி வாங்க வீடு வீடாக நடப்பது. மொத்தத்தில் ஆட்களைக் கூட்டுவதுதான் என் பிழைப்பு. ஆட்கள் கூடக் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டால் உபதேசியாருக்கு என்ன வேலை?

முதல் சிக்கல் மணியிலேயே வந்தது. கதவைப் பூட்டிய மறுநாளும் பழக்கத்தில் ஐந்து மணிக்கு அடித்துவிட்டேன். எதிர்வீட்டு அப்பத்தா வாசலில் நின்று, "ஏன் உபதேசியாரே, மணிய அடிச்சுக் கூப்பிடுறீக, வந்தாக் கதவப் பூட்டி வச்சிருக்கீக. இது என்ன விருந்தாளி மரியாதை?" என்று கேட்டது. எனக்குப் பதில் இல்லை. சாமியிடம் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம் என்றார். ஒரே நாள்தான் நிறுத்தினோம். வத்தை என்னும் சிறுபடகில் கடலுக்குப் போகிற வத்தைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அந்த ஐந்து மணிச் சத்தத்தில்தான் நண்டு வலை இழுக்கக் கிளம்புவார்களாம். செல்போன் அலாரம் அவர்களுக்கு ஒத்துவரவில்லையாம். நண்டு வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஏற்றுமதி நின்றுபோனதில் விலையைப் பாதாளத்துக்கு இறக்கியிருந்தார்கள். இருந்தும் வலை கடலில் கிடக்கிறது, எடுத்துத்தானே ஆகவேண்டும்? சரி என்று மணி மறுபடி அடித்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான், மார்ச் 6, 7 தேதிகளில், கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு எங்கள் ஊரிலிருந்தும் போய் வந்திருந்தார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து நின்று திருப்பலி கண்டு, சோப்பும் தேங்காய் எண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த வருடம் இங்கிருந்து ஒரு படகும் போகவில்லை.

வீட்டிலிருந்தே பூசை காண்பதற்கு ஊரெல்லாம் யூடியூபைத் தேடியது. எங்கள் சாமியும் தன் செல்போனை இரண்டு நாள் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, இப்போதும் பிடிப்பதில்லை. படம் பாதியில் நின்றுபோகும், சாமி கையை விரித்தபடி சிலை மாதிரி நிற்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிக்னலுக்காக மொட்டை மாடிக்குப் போனவர்கள் அங்கேயே ஊர்க்கதை பேசினார்கள். அப்புறம்தான் கோபுரத்துக் கூம்பு ஒலிபெருக்கி ஞாபகம் வந்தது. திருவிழாவுக்கு மட்டும் போடுவது. பூட்டிய கோயிலுக்குள் சாமி பூசை வைப்பார், நான் ஒருத்தன் எதிரே நிற்பேன், சத்தம் தெருவுக்குப் போகும்.

முதல் ஞாயிறு. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார் சாமி. வழக்கமாக எண்ணூறு பேர் சொல்லும் பதிலை நான் ஒற்றை ஆளாகச் சொன்னேன்: "உம் ஆன்மாவோடும் இருப்பாராக." என் குரல் மேற்கூரையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. சொல்லி முடித்து வாயை மூடுகிறேன், சன்னல் வழியாக வெளியிலிருந்து அதே வார்த்தைகள் வருகின்றன. முதலில் எதிர்வீட்டு அப்பத்தா. அடுத்து நடுத்தெரு. எல்லாருக்கும் கடைசியாகக் கடற்கரை வரிசை. ஒலிபெருக்கிச் சத்தம் அங்கே போய்ச் சேர ஒரு நொடி, அவர்கள் பதில் இங்கே வந்துசேர இன்னொரு நொடி. ஒரே ஆமென் மூன்று தடவை, ஒன்றன் பின் ஒன்றாக. சாமி அடுத்த செபத்தைத் தொடங்காமல் நின்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பதிலுக்கும், கடற்கரை வரிசை சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். பூசை கால் மணி நேரம் நீண்டது. ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

நற்கருணை அப்பம், ஊர்ப்பேச்சில் நன்மை, அதைக் கொடுக்கத்தான் வழியில்லை. அந்த நேரத்தில் நான் மைக்கில் ஆன்மீக நற்கருணைச் செபத்தைச் சொல்வேன். அல்போன்ஸ் லிகோரியார் 18-ஆம் நூற்றாண்டில் எழுதியது; அதுவரை பழைய செபப் புத்தகத்தின் பின்பக்கங்களில் யாரும் புரட்டாமல் கிடந்தது. "நன்மை வாங்காத பூசை சோறில்லாத கல்யாணம்" என்று அப்பத்தா முணுமுணுத்தாலும் செபத்தை மனப்பாடம் செய்துவிட்டது.

அந்த வருடத்துப் புனித வாரத்துக்கு உரோமையிலிருந்து தனி ஒழுங்கு வந்தது. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு கிடையாது, நற்கருணைப் பவனி கிடையாது. பெரிய வெள்ளி சிலுவையைக் குரு மட்டும் முத்தமிடலாம். பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவில், புதுத்தீ மூட்ட வேண்டாம், பவனி வேண்டாம், நேரே பாஸ்கா புகழுரை. ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு, ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவரவர் தென்னையிலும் பனையிலும் குருத்து வெட்டி வாசலில் கட்டியிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு வீட்டில் பனங்குருத்துக் கிடைக்காமல் வேப்பங்கொத்தைக் கட்டியிருந்தார்கள். அம்மைக்குக் கட்டுவது. அவர்கள் கணக்குப்படி அதுவும் சரிதான்.

பாஸ்கா திரி, அந்த இரவில் ஏற்றும் பெரிய மெழுகுத்திரி, அதன் விஷயத்தைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுத் திரி வரும். சிலுவைக்கு மேலும் கீழும் முதலும் முடிவுமான கிரேக்க எழுத்துகள், நான்கு மூலையில் அந்த வருடத்தின் நான்கு எண்கள். ஊரடங்கில் லாரி இல்லை, திரி வரவில்லை. சக்கிரீஸ்து அலமாரியில் 2019 திரி பாதிக்கு மேல் மிச்சம். சனிக்கிழமை மத்தியானம் பிளேடும் சிவப்பு மெழுகுத்திரித் துண்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே இருந்த 2-உம் 0-உம் நம் ஆட்கள், தொடவேண்டியதில்லை. 9-இன் வாலைச் சுரண்டி வளைவை மூடினால் 0 ஆகிவிட்டது. 1-ஐ 2 ஆக்குவதில்தான் உயிர் போனது. உருக்கிய மெழுகைத் தீக்குச்சி முனையில் தொட்டுத் தொட்டு வைத்தேன். கழுத்து வளைந்த கொக்கு மாதிரி ஒரு 2 வந்தது. இரவு சாமி அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பற்றவைத்தார்.

இனி என் தவறு. அந்த ஏப்ரல் கடைசியில் ஊரில் ஒரு பெரியவர் தவறினார். வயோதிகம்தான், காய்ச்சல் இருமல் எதுவுமில்லை. சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. அது எனக்குத் தெரியும், நானே மைக்கில் வாசித்தவன். மகன் ஓடிவந்து, "அப்பா போயிட்டாருண்ணே" என்றதும் கை தானாகக் கயிற்றைப் பிடித்துவிட்டது. துக்க மணி ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடிப்பது. ஐந்தாவதோ ஆறாவதோ அடிக்கும்போதுதான் உறைத்தது. அதற்குள் தெரு நிறைந்துவிட்டது. பக்கத்து ஊர் இந்துக்களும் துலுக்கர் தெருக்காரர்களும்கூட வந்தார்கள். அவர் அப்படிப்பட்ட மனிதர். ஜீப் வந்தது. எல்லாரையும் விரட்டினார்கள். திட்டு வாங்கியது நானில்லை, அப்பனைப் பறிகொடுத்து நின்ற அந்த மகன். சாமியும் அலுவலகம் போய் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் துக்க மணியை விட்டுவிட்டேன். சாவுச் செய்தியை அன்பியத் தலைவிகள், அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழுக்களின் தலைவிகள், வாட்ஸ்அப்பில் போட்டார்கள்.

செப்டம்பர் 1-இல் தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. 65 வயதுக்கு மேல் வேண்டாம், பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றார்கள். எங்கள் கோயிலில் தினம் வருவது அந்த இரண்டு வகைதான். தீர்த்தத் தொட்டி காலி. பெஞ்சில் ஒன்று விட்டு ஒன்றில் சாக்பீஸ் பெருக்கல் குறி. நற்கருணை இனி நாக்கில் இல்லை, கையில். வரிசையில் வந்த ஒரு வத்தைக்காரர் கையை நீட்டவில்லை. நான் சானிடைசர் பாட்டிலோடு பக்கத்தில் நிற்கிறேன். நண்டுக்கொடுக்கு கீறிய கை, விரலிடுக்கில் வலை நூல் அறுத்த கறுப்புக் கோடுகள், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கவிச்சி. "இந்தக் கையிலயா சாமி?" என்றார். சாமி, "மீன்பிடிச்ச பேதுரு கையும் இப்படித்தான்யா இருந்திருக்கும்" என்றார். அவர் நீட்டினார். சானிடைசர் கீறலில் பட்டு எரிந்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. எரிச்சலால்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

2021 பிப்ரவரி 17, சாம்பல் புதன். போன வருடத்துக் குருத்தோலையை எரித்துத்தான் நெற்றியில் பூசும் சாம்பல் எடுப்போம். போன வருடம் கோயிலில் ஓலை மந்திரிக்கவே இல்லையே, என்ன செய்வது என்றேன். வாசலில் கட்டியதை வாங்கி வா என்றார் சாமி. சாக்கோடு வீடு வீடாகப் போனேன். பத்து மாத வெயிலும், டிசம்பரில் புரெவி புயலின் மழையும் தின்ற ஓலைகள், தொட்டால் பொடிந்தன. வேப்பங்கொத்து வீட்டிலும் கொடுத்தார்கள். அதையும் சேர்த்தே எரித்தேன். சாமியிடம் சொல்லவில்லை.

இரண்டாம் அலையில் ஏப்ரல் 26 முதல் மறுபடி பூட்டு. இந்தத் தடவை சாவி சுலபமாகத் திரும்பியது. நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் அந்த இரண்டு மாதத்தில் போய்விட்டார்கள். எங்களூரிலும் மே மாதம் ஒருவர். நாற்பத்தைந்து வயசுதான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். முந்தின வருடம் சென்னையில் ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்த செய்தி எல்லார் மனசிலும் இருந்தது. எங்களூரில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, குழியை இளைஞர்களே வெட்டி வைத்திருந்தார்கள். ஆனால் அவர் மனைவிக்கும் பாசிட்டிவ், வீட்டை விட்டு வரமுடியாது. காலையில் எனக்கு போன் போட்டது அந்தத் தங்கச்சி.

"அண்ணே, வீடியோ எல்லாம் வேண்டாம். எனக்குப் பார்க்கத் தெம்பில்ல. குழியில இறக்கும்போது மணி மட்டும் அடிங்க. அவர் போறது எனக்குத் தெரியணும்."

போன வருடத்து ஜீப் கண் முன்னால் வந்தது. அன்பியத் தலைவிகளைக் கூப்பிட்டு, மணி அடிக்கும், யாரும் கிளம்பக்கூடாது, அவரவர் வாசலில் நின்றால் போதும் என்று சொல்லச் சொன்னேன். நம்பிக்கை இல்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் போனில் "இப்ப" என்றான். அடித்தேன். ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. கோபுரச் சன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் ஆட்கள், தலையில் முக்காடு, கையில் மெழுகுத்திரி. அந்தத் தங்கச்சி வீட்டு வாசல் மட்டும் மூடியிருந்தது. சன்னல் திறந்திருந்தது.

இறந்தோர் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு: நோயிற்பூசுதல் பெற்றாரா? நோயாளிக்குச் சாமி எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளம் அது. அந்த வார்டுக்குள் சாமியை விடவில்லை. தொற்றில் சாகிறவர்களுக்கு அந்த அருளடையாளம் கிடைக்காவிட்டாலும் பாவத்தின் தண்டனை நீங்கும் பரிபூரண பலன் உண்டு என்று உரோமை 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. அதைக் கட்டத்துக்குள் எழுத இடம் போதாது. "இல்லை" என்று எழுதினேன். சாமி கையெழுத்துப் போடும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நின்றார், பிறகு போட்டார்.

ஜூலை 5-இல் திறந்தது திறந்ததுதான் என்று நினைத்தோம். அப்புறமும் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மூடச் சொன்ன காலம் ஒன்று வந்துபோனது. இப்போது சாக்பீஸ் குறிகள் அழிந்துவிட்டன, பெஞ்சுகளில் இடிபட்டு உட்காருகிறார்கள். ஒலிபெருக்கியை மட்டும் நிறுத்தவில்லை. எதிர்வீட்டு அப்பத்தாவுக்கு முழங்கால் போய்விட்டது. வாசல் திண்ணையில் உட்கார்ந்தே பூசை காண்கிறது. உள்ளே எண்ணூறு பேரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு சன்னல் வழியாக இன்னொரு ஆமென் வரும். புதிதாக மாறி வந்திருக்கும் சாமிக்கு அது என்னவென்று தெரியாது. ஒருநாள் திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்க சாமி என்று கையைக் காட்டினேன்.