பாப்பாவின் பிபி 104 என்று காட்டிய வாரம்

என் மகள் 29 வாரத்தில் பிறந்தவள், எடை 1,150 கிராம். பத்து வாரம் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்து வீடு வந்த மறுவாரம் செக்கப் போன இடத்தில் பிபி 104/72 என்றது மானிட்டர். வயிற்றில் இருந்த வாரங்களையும் சேர்த்து 40 வாரக் கணக்குள்ள குழந்தைக்கு மேல் அளவு 80ஐ ஒட்டித்தான் இருக்கும், 95ஐத் தாண்டினாலே அதிகம் என்றார் டாக்டர். தொப்புள் வழியாக ரத்தக்குழாயில் டியூப் போட்டிருந்ததால், கிட்னிக்குப் போகும் குழாயில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் எழுதினார். அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை, குறைமாதக் குழந்தைகளுக்கு நிஜமாகவே வருகிற சிக்கல்தான் அது. அன்றைக்கு ராத்திரி நானும் என் கணவரும் மாறி மாறி அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அடுத்த முறை பார்த்தபோது 101. மருந்து ஆரம்பிக்கலாமா என்ற பேச்சு வந்ததும், பழைய என்.ஐ.சி.யூ. சிஸ்டருக்குப் போன் போட்டேன். "பால் குடுத்து ஒன்றரை மணி நேரம் ஆகட்டும், தூங்குற நேரமாப் பாத்துக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

போனதும் அவர் முதலில் எடுத்தது இன்ச் டேப். மேல் கை சுற்றளவு 9 செ.மீ. "அங்க எந்த கஃப் கட்டினாங்க?" என்று கேட்டார். கஃப் என்பது பிபி பார்க்கக் கையில் சுற்றிக் காற்று ஏற்றும் பட்டை, பச்சிளங்குழந்தைகளுக்கு அளவுக்கு ஒரு நம்பராக வரும். பயத்தில் ஒவ்வொரு முறையும் மானிட்டரை போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாப்பாவின் கையில் இருந்த கஃப்பில் 2 என்று தெரிந்தது. 2ஆம் நம்பர் 8 செ.மீ. கை வரைக்கும்தான். கஃப்பின் அகலம் கைச் சுற்றளவில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும், சின்னதாகப் போனால் அளவு ஏற்றிக் காட்டும், பெரிதாகப் போனால் இறக்கிக் காட்டும். போட்டோவில் பாப்பா வாயைப் பிளந்து அழுதுகொண்டும் இருந்தாள், அழுகையே தனியாக ஏற்றிவிடும்.

சிஸ்டர் 4ஆம் நம்பரை வலது கையில் கட்டி, பட்டனைத் தொடாமல் கால் மணி நேரம் அப்படியே விட்டார். அப்புறம் இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று தடவை எடுத்தார்: 86, 81, 82. முதல் தடவை காற்று ஏறும்போது பாப்பா விரல்களை விரித்து மூடினாள், அடுத்த இரண்டுக்கும் அசையவே இல்லை. காலிலும் ஒன்று எடுத்தார். கையை விடக் கால் ரொம்பக் குறைந்தால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், நல்லவேளை 84.

இந்த மெஷின் காட்டும் எண்ணைப் பற்றி எனக்கு முன்பே ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. பிறந்த மூன்றாம் நாள், தொப்புள் லைனில் (ரத்தக்குழாய்க்குள் போட்ட அந்த டியூபில் நேராக எடுப்பது) சராசரி அழுத்தம் 27, அதே நேரம் கஃப்பில் 34. 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்குச் சராசரி 29ஆவது இருக்கட்டும் என்று பார்ப்போம், நம்ப வேண்டியது லைனைத்தான் என்றார் அன்றிருந்த டாக்டர். கஃப் மெஷின் ரத்தக்குழாயின் துடிப்பு எங்கே அதிகம் என்று பார்த்து அந்தச் சராசரியைத்தான் பிடிக்கிறது, மேல் அளவும் கீழ் அளவும் கணக்குப் போட்டு வருபவை, அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கும் குட்டிக் குழந்தைகளிடம் அது பல நேரம் கூட்டியே காட்டும். உள்ளே லைன் இல்லாத குழந்தைக்கு கஃப்தான் ஒரே வழி, அதனால்தான் அதைக் கட்டும் விதம் இவ்வளவு முக்கியமாகிறது.

மூன்று அளவையும் பார்த்து டாக்டர் மருந்து ஆரம்பிப்பதைத் தள்ளி வைத்தார், இன்னும் இரண்டு வாரம் இதே முறையில் பார்க்கச் சொன்னார். எதுவுமே 90ஐத் தாண்டவில்லை. இன்று வரை மருந்து கிடையாது.

குறைமாதக் குழந்தை வைத்திருப்பவர்கள் பிபி எண்ணோடு கஃப் நம்பர், எந்தக் கை, தூக்கமா அழுகையா என்பதையும் ஃபைலில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். நான் கேட்டபோது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாப்பாவுக்கு இப்போது எட்டு மாதம், கை 14 செ.மீ., போன வாரம்தான் முதல் முறையாக இன்ஃபன்ட் கஃப், அதாவது வளர்ந்த குழந்தைக்கான அடுத்த அளவு, கட்டினார்கள்.